ஹனீபா பாய் காரின் பெட்ரோல் மூடி

முதல்லயே ஒத்துக்கிடுறேன். எங்க வீட்டுக்காரவுக காரு ரெண்டு மாசமா போற எடமெல்லாம் நடுரோட்டுல நின்னுச்சுன்னு உத்தமபாளையம் பூராம் பேசுனாகளே, அதைக் கெடுத்தது பெட்ரோல் பம்பும் இல்ல, கார்பரேட்டரும் இல்ல. நாந்தான். இந்த சாபிராதான். வேணும்னு செய்யல, ஆனா செஞ்சது என் கைதான். அதைச் சொல்லணும்னா முதல்ல இவுகளப் பத்திச் சொல்லணும். ஊருக்குள்ள காரைத் தெரிஞ்ச அளவுக்கு இந்த மனுசனை யாருக்கும் தெரியாது.

இவுக பேரு ஹனீபா. வயசு அறுபத்தொண்ணு. சாக்கு வியாபாரம். ஏலக்காய், புளி, தேங்காய்னு ஏதாவது ஒண்ணு போட்டு வந்த பழைய சாக்கை வாங்கி, உதறி, கிழிசலைத் தச்சு, அடுக்கிக் கட்டி மறுபடி விக்கிறதுதான் தொழிலு. சட்டைப் பையில பேனா இருக்குதோ இல்லையோ, கோணி ஊசி இருக்கும். நிக்காஹ் வீட்டுக்குப் போனாலும் அதே ஊசியோடதான் போவாக. துவைக்கிறப்ப அது என் விரல்ல குத்துறதும் நான் கத்துறதும் வாரா வாரம் நடக்கும். "ஏங்க, இந்த ஊசிய எடுத்து வைக்கக் கூடாதா?"ன்னா, "ம்" அப்படிம்பாக. மறு வாரமும் குத்தும்.

பேச்சுன்னா இவுகளுக்கு அவ்வளவு கஷ்டம். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமோன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்கேன். அதுக்கும் ஒரு சிரிப்புதான் வரும். எனக்கோ கோவம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும். முப்பது வருசமா நான் சண்டைக்கு இழுக்கிறேன், இவுக வர மாட்டேங்குறாக. ஒத்தைக் கையில எம்புட்டு நேரந்தான் தட்டுறது?

வாசல்ல தகரக் கொட்டகையில நிக்குதே பியட்டு, வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம ஒரு கலர்ல, அதுதான் இவுக காரு. அதுல ஒரு நாளும் சாக்கு ஏத்துனதில்ல. சாக்குக்கு டெம்போ வரும். கடைக்குப் போறதுக்கு மொபெட்டு இருக்கு. பெறகு காரு எதுக்குன்னா, பிரசவத்துக்கு. சிரிக்காதீக, நெசமாத்தான் சொல்றேன். எங்க தெருவுல எந்த வீட்டுப் பொண்ணுக்கு வலி எடுத்தாலும் எங்க கதவைத்தான் தட்டுவாக. இவுக எந்திரிச்சு, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, கம்பத்து ஆஸ்பத்திரியில கொண்டு போய் எறக்கிட்டு, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காம வந்துருவாக. எதுத்த வீட்டுப் பொன்னாத்தாள் மகளுக்கு மூணு பிள்ளை. மூணுக்கும் இந்தக் காருதான். நூத்தியெட்டு வண்டி வந்த பெறகு தட்டுறது நின்னுபோச்சு. நல்லதுதான்னு இவுகளே சொன்னாக. ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு தடவை எடுத்து ஓட்டி, துடைச்சு, தயாரா வச்சிருப்பாக.

ஏன் அப்படின்னு தெரியணும்னா தொண்ணூத்தி நாலாம் வருசத்தைச் சொல்லணும். எனக்குச் சொல்லப் பிடிக்காது. ஆனாலும் சொல்றேன்.

அப்ப எனக்குத் தலப்பிரசவம், நெறமாசம். அன்னைக்கு இவுக தங்கச்சியப் பொண்ணு பாக்க விருந்தாளிக வர்றதா இருந்துச்சு. விடியக்காலமே எனக்கு இடுப்புல பிடிச்சு இழுத்துச்சு. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. வந்தவுகளுக்குச் சோறாக்கிப் போடாம மருமக படுத்துக்கிட்டான்னு பேரு வந்துருமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு மசாலா அரைச்சேன். பத்து மணிக்கு முடியாமப் போயி சுவத்தப் பிடிச்சு உக்காந்துட்டேன். இவுக செருப்புக் கூடப் போடாம ஸ்டாண்டுக்கு ஓடுனாக. அன்னைக்குப் பாத்து முகூர்த்த நாளு. காரெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருச்சு. ஜீப்பெல்லாம் ஏலக்காய் பறிக்கிற ஆளுகள ஏத்திக்கிட்டு விடியவே மலைக்குப் போயிருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு திராட்சை லாரியக் கெஞ்சிக் கூட்டியாந்தாக. பெட்டிகளுக்கு நடுவுல சாக்கை விரிச்சு என்னைப் படுக்க வச்சாக.

ஆம்பளைப் பிள்ளை. டாக்டரம்மா முதுகுல தட்டுனாக, காலைப் பிடிச்சுத் தூக்குனாக. அழுகல. அழவே இல்ல.

"இன்னுங் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்"னு நர்சு சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. இவுக அதைக் கேட்டுட்டு, வண்டி பிடிக்க முடியாத தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டாக. நானோ, விடியக்காலமே வாயத் தொறந்திருந்தா ஜீப்பு கிடைச்சிருக்குமேன்னு உள்ளுக்குள்ளயே புழுங்குனேன். இவுககிட்ட கூடச் சொல்லவே இல்ல.

எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் அசரு தொழுகைக்குப் பெறகு வாசல்ல ஹாரன் சத்தம். எட்டிப் பாத்தா பியட்டு. பெரியகுளத்துல யாரோ வக்கீலு வித்ததாம். இவுக எறங்கி வந்து, "நீ இனி வண்டிக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்"னு மட்டும் சொன்னாக. எங்க கல்யாணத்துக்குப் பெறகு இவுக பேசுன நீளமான பேச்சு அதுதான்னு நெனக்கிறேன்.

மூணு வருசம் கழிச்சு மிஸ்பா பொறந்தா. அந்தக் காருலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அதுலதான் பிள்ளையோட திரும்பி வந்தேன். வர்ற வழி பூராம் வீல் வீல்னு அழுதா. எங்க தெரு வந்துச்சு, இவுக திருப்பல. நேராப் போறாக. "யா அல்லா, எங்க போறீக? வீடு அங்கன இருக்கு!"ன்னு கத்துனேன். "அழுகுறாள்ல. ஒரு சுத்து கேட்டுட்டு வருவோம்"னாக. பிள்ளை அழுகுறதைக் கேக்கவா ஒரு மனுசன் பெட்ரோலைக் கொளுத்துவான்னு நான் திட்டுன திட்டு கொஞ்சமில்ல. அப்படியே கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது வேற கதை.

இப்ப சோப்புக் கதைக்கு வர்றேன்.

மிஸ்பாவைக் குமுளியில கட்டிக் கொடுத்திருக்கோம். மாப்ள ஷானவாஸ், மிளகு ஏலக்காய்க் கடை வச்சிருக்காக. தங்கமான பிள்ளை, பேச்சுல பாதி மலையாளம். மிஸ்பா உண்டான அன்னைக்கே இவுக காருக்குப் புது சீட்டுத் துணி போட்டுட்டாக. ஏழாம் மாசம் போய்க் கூட்டியாரணும்ல. அது ஒண்ணுதான் இவுகளுக்கு நெனப்பு. ஊரு பொண்ணுகளையெல்லாம் கொண்டு போய் விட்டவுகளுக்குத் தன் மகளைக் கொண்டு போகணும்னு இருக்காதா?

அஞ்சாம் மாசம் மகளும் மாப்ளையும் ஸ்கேன் எடுக்க வந்தாக. கம்பத்துக்கு இந்தக் காருலதான் போனோம். அனுமந்தன்பட்டி தாண்டல, மிஸ்பா ஓரமா நிப்பாட்டச் சொல்லி வாந்தி எடுத்துட்டா. வீட்டுக்கு வந்து அடுப்படியில என்கிட்ட மெதுவாச் சொல்றா: "அம்மா, பெட்ரோல் நாத்தம் கொடலைப் புரட்டுது. ஏழாம் மாசத்துக்கு அத்தா காரு வேண்டாம்மா. நாங்க எங்க கார்லயே வந்துர்றோம். நீ பக்குவமா அத்தாகிட்ட சொல்லேன்."

நான் எப்படிச் சொல்லுவேன்? முப்பது வருசமா அந்தக் காரு எதுக்கு நிக்குதுன்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். "நாத்தம் வராம நான் பாத்துக்கிடுறேன், நீ ஒண்ணும் சொல்லாத"ன்னுட்டேன்.

மறுநாள் இவுக பள்ளிவாசலுக்குப் போனதும் காரைச் சுத்திச் சுத்தி மோந்து பாத்தேன். நாத்தம் பின்னாடி பெட்ரோல் ஊத்துற மூடிகிட்ட இருந்து வருது. மூடியத் திருகி எடுத்தா, உள்பக்கம் ரப்பர் காஞ்சு கெடக்கு. நடுவுல ஊசி முனை கணக்கா ஒரு ஓட்டை வேற. அட, ஓட்டை மூடியப் போட்டா நாத்தம் வராம என்ன செய்யும்னு நெனச்சேன். எனக்கு உடனே வைகை அணை ஞாபகம் வந்துச்சு. மிஸ்பா சின்னப் பிள்ளையா இருக்கப்ப அங்கன போயிட்டு வர்ற வழியில டேங்க்குல கல்லு அடிச்சுப் பெட்ரோல் ஒழுகுச்சு. இவுக பெட்டிக்கடையில துணி சோப்பு வாங்கிப் பிசைஞ்சு அப்புனாக, நின்னுபோச்சு. "பெட்ரோல்ல சோப்பு கரையாது சாபிரா"ன்னு சொல்லியும் கொடுத்தாக. இவுக எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒண்ணுதான், அதை நான் மறக்கல.

கொல்லையில இருந்த மஞ்சச் சோப்பை எடுத்தேன், நனைச்சுப் பிசைஞ்சேன். ரப்பர் ஓரமெல்லாம் பூசி, அந்த ஓட்டையிலயும் நல்லா அழுத்தி அடைச்சேன். மூடியப் போட்டு மோந்து பாத்தா, நாத்தமே இல்ல. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கிட்டு உள்ள போயி டீ போட்டேன்.

அடுத்த வாரம் கூடலூர்ல ஒரு விசேசம். கெளம்பிப் போறோம், புதுப்பட்டிகிட்ட காரு ரெண்டு தடவை இழுத்து, குலுங்கி, நின்னுபோச்சு. முப்பது வருசத்துல நடுவழியில தானா நின்னதே கெடையாது. இவுக எறங்கி பானட்டைத் தொறந்து பாத்தாக. பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு வேலை செஞ்சு பல வருசமாச்சு, அதனால பெட்ரோல் இருக்கான்னு பாக்க ஒரு மூங்கில் குச்சி வச்சிருப்பாக. மூடியத் தொறந்து குச்சிய விட்டுப் பாத்தாக. பெட்ரோல் இருக்கு. மூடியப் போட்டுட்டு வந்து சாவியத் திருப்புனாக, படக்குன்னு எடுத்துருச்சு. நான் அதுவரைக்கும் ஸலவாத்து ஓதிக்கிட்டிருந்தேன். ஓதுனதுக்குப் பலன்னு நெனச்சேன்.

திரும்பி வர்றப்பவும் நின்னுச்சு. மறுபடி ஓதுனேன், மறுபடி இவுக குச்சி விட்டுப் பாத்தாக, மறுபடி எடுத்துச்சு. நான் செஞ்ச வேலைய நானே ஓதிச் சரி பண்றதா நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, இப்ப நெனச்சாலும் தலையில அடிச்சுக்கத் தோணுது.

ராயப்பன்பட்டி ரோட்டுல எபனேசர் பட்டறை இருக்கு. பழைய வண்டின்னா அந்தத் தம்பிதான். "பாய், பம்புக்குள்ள டயாப்ரம் கிழிஞ்சிருக்கும். அதான் பெட்ரோலை இழுக்கல"ன்னு மாத்துனாரு. பைபாஸ்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாரு, நல்லா ஓடுச்சு. மறுநாள் கம்பம் போற வழியில நின்னுச்சு. அடுத்து கார்பரேட்டரைக் கழத்தி அதுல ஜெட்டுங்கிற ஊசித் தொளையெல்லாம் காத்தடிச்சு ஊதுனாரு. பில்டரை மாத்துனாரு. பட்டறையச் சுத்தி ஓடுச்சு, புதுப்பட்டியில நின்னுச்சு. "பாய், இந்த வெயில்ல பைப்புலயே பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கிடுது. பம்பு மேல ஈரத்துணியப் போட்டு ஓட்டுங்க"ன்னாரு. என் பழைய தாவணியக் கிழிச்சு நனைச்சுச் சுத்துனோம். தாவணிதான் போச்சு. கடைசியா டேங்க்கையே எறக்கிக் கழுவிப் போட்டாரு. கழுவுன மனுசன் மூடியத் தூக்கி ஓரமா வச்சுட்டாரு. மூடிய யாரு பாப்பா?

"அக்கா, பாய் மொகத்தைப் பாக்கவே சங்கடமா இருக்கு. எனக்கே புரியல"ன்னு எபனேசர் என்கிட்ட சொன்னாரு. ஒரு மெக்கானிக்கு அப்படிச் சொன்னா நாம என்ன செய்ய?

ஏழாம் மாசம் பொறக்க ஒரு வாரம் இருக்கப்ப மாப்ள போன் போட்டாக. புதுப்பட்டியில காரு நின்னதை யாரோ பாத்துச் சொல்லியிருக்காக. "மாமா, நானே மிஸ்பாவைக் கொண்டாந்து விடுறேன். ஒண்ணும் குழப்பமில்ல மாமா"ன்னு நல்லபடியாத்தான் சொன்னாக. இவுக, "சரி மாப்ள"ன்னு வச்சுட்டாக. அவ்வளவுதான். அன்னைக்கு மத்தியானம் கடைக்குப் போகல. நல்ல சாக்கா ஏழெட்டு எடுத்து, கொட்டகையில உக்காந்து ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கிறாக. பாத்தா, காருக்கு மூடாக்கு. முழுசா மூடுறதுக்கு.

எனக்குத் தாங்கல. தாங்கலன்னா எனக்குக் கோவந்தான் வரும். "என்ன, மய்யித்துக்குப் போத்துற துணி தைக்கிற மாதிரி தைக்கிறீக? ஒரு காரு ஓடலைன்னா ஒலகம் முடிஞ்சு போச்சா? மாப்ள காரு என்ன கட்டவண்டியா?"ன்னு கத்துனேன்.

ஊசிய நிறுத்துனாக. தலையத் தூக்காமயே சொன்னாக. "மாசமா இருக்குற மகளை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க என்னால முடியாது சாபிரா. ஒரு தடவ நின்னது போதும்."

முப்பது வருசத்துல அந்தப் பேச்சை இவுக எடுத்தது அன்னைக்குத்தான். நான் அப்படியே கீழ உக்காந்துட்டேன். இவுக மொகத்தைப் பாக்க முடியல. மூக்கைச் சிந்திட்டு, "எபனேசரு பாத்தாரு, சரி. நீங்க பாத்தீகளா? ஒங்க காரு ஒங்களுக்குத் தெரியாதா? நாளைக்குக் காலையில எடுங்க, நானும் வர்றேன். நிக்கிற எடத்துல வச்சுப் பாப்போம்"னேன். எங்க இருந்து அந்த வார்த்தை வந்துச்சோ தெரியல.

மறுநாள் காலையில பெட்ரோல் பத்தலைங்கிற பேச்சே வரக்கூடாதுன்னு டேங்க்கு நெறைய ஊத்திக்கிட்டுக் கெளம்புனோம். புதுப்பட்டி வரைக்கும் கூடப் போகல. அனுமந்தன்பட்டி தாண்டுனதுமே நின்னுருச்சு. நான் ஓத ஆரம்பிச்சேன். இவுக எறங்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு யோசிக்கிறாக.

"டேங்க்கு நெறைய இருக்கு. அப்ப ஏன் முன்னைவிடச் சீக்கிரமா நிக்குது?"

என்கிட்டயா கேக்குறாகன்னு முழிச்சேன். பெறகு என் பக்கம் திரும்பி, "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் ஊத்துமா?"ன்னாக.

"ஊத்தாது. குபுக்கு குபுக்குன்னு நின்னு போகும். எதுத்த மூலையில இன்னொரு ஓட்டை போடணும், அப்பத்தான் காத்து உள்ள போகும்"னு சொன்னேன். சமையக்கட்டுல நிக்கிறவளுக்குத் தெரியாதா?

இவுக மெதுவா எறங்கிப் பின்னாடி போனாக. மூடிகிட்டக் காதைக் கொண்டு போயி, கொஞ்சங் கொஞ்சமாத் திருகுனாக. ஸ்ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். டேங்க்கு காத்தை உறிஞ்சுது. நெறைய ஊத்துனதால உள்ள இருந்த கொஞ்சக் காத்து சீக்கிரமே பத்தாமப் போயிருக்கு. முன் சீட்டுல இருந்த எனக்கே கேட்டுச்சு. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. காத்து போற ஓட்டை. நான் அடைச்ச ஓட்டை.

கண்ணாடி வழியாப் பாக்குறேன். மூடியத் திருப்பிப் பாத்துக்கிட்டே நிக்கிறாக, ரொம்ப நேரம். பெறகு சட்டைப் பையில இருந்து கோணி ஊசிய எடுத்துக் குத்திக் கிளறி, வாயில வச்சு ஊதுனாக. ரெண்டு மாசத் தூசி ஏறி, உதிர்ந்த சோப்பு மண்ணு நெறத்துல இருந்துச்சு. மூடியப் போட்டுட்டு, ரோட்டோரம் வாய்க்கால்ல எறங்கி, எனக்கு முதுகு காட்டி உக்காந்து கையக் கழுவுனாக. வந்து ஏறுனாக.

"குளவி. மூடியில மண்ணு வச்சு அடைச்சிருக்கு"ன்னாக.

நான் வாயே தொறக்கல. நான், சாபிரா, வாயத் தொறக்கல! குளவிக்கூடுன்னு நம்பிட்டாக, தப்பிச்சோம்னு ஒரு பக்கம். உண்மையச் சொல்லாம உக்காந்திருக்கோமேன்னு ஒரு பக்கம். அன்னைக்கு லோயர் கேம்ப் வரைக்கும் போயித் திரும்புனோம். எங்கயும் நிக்கல. வர்ற வழியில இவுக மெதுவா விசிலடிச்சாக. கல்யாணமான புதுசுல கேட்டது.

மாப்ளைக்கு இவுகளே போன் போட்டு, "மாப்ள, நான் வர்றேன்"னாக. ஏழாம் மாசம் குமுளிக்குப் போயி, மலை எறக்கத்துல மாட்டு வண்டி வேகத்துல மகளைக் கூட்டியாந்தாக. எதுக்கும் இருக்கட்டும்னு எலுமிச்சம்பழம் கொண்டு போயிருந்தேன். மிஸ்பா அதை மோக்கவே இல்ல. "அம்மா, நாத்தமே இல்லையே"ன்னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. சோப்பை எடுத்த பெறகும் எப்படி நாத்தம் போச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல. அம்புட்டு சந்தோசம்.

வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து மிஸ்பாவுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "லேசா எறும்பு கடிச்ச மாதிரி வலி வந்தாலும் அந்த நிமிசமே சொல்லிரு. நான் தொழுதுக்கிட்டு இருந்தாலும் சொல்லு." காலையில சொல்லுவேன், சாயங்காலம் சொல்லுவேன். "அம்மா, போதும்மா"ம்பா.

ஒரு வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு இட்லியப் பாதியில வச்சுட்டு, "அம்மா, இடுப்புல லேசாப் பிடிக்குது"ன்னா. நான் இவுகளக் கூப்பிட வாயத் தொறக்குறதுக்குள்ள வாசல்ல காரு உறுமுது. அனுமந்தன்பட்டி வந்துச்சு, நான் மகள் கையப் பிடிச்சிருந்தேன். புதுப்பட்டி வந்துச்சு, இவுக கழுத்துல வேர்வை ஓடுது. காரு பாட்டுக்குப் போகுது. கம்பத்துல ஆஸ்பத்திரி வாசல்ல போயித்தான் நின்னுச்சு, அதுவும் இவுக நிப்பாட்டி.

மிஸ்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக. மாப்ள குமுளியில இருந்து வந்துக்கிட்டு இருந்தாக. வெளிய பெஞ்சுல நாங்க ரெண்டு பேரும். பன்னெண்டு மணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு. உள்ள சத்தமே இல்ல. மனசுல எதையோ மறைச்சு வச்சுக்கிட்டு துஆ கேட்டா எப்படி ஏறும்னு தோணிருச்சு. கல்யாணமான புதுசுல கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டேன்.

"மச்சான். அன்னைக்கு மூடியில இருந்தது குளவி இல்ல."

"ம்."

"சோப்பு. நாந்தான் வச்சேன். நாத்தத்துக்கு வச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாய்க்கால்ல கை கழுவுனப்ப நுரைச்சுச்சு. குளவிக்கூடு எங்கயாவது நுரைக்குமா சாபிரா?" இவுக மொகத்துல லேசாச் சிரிப்பு. "நாத்தத்துக்குத்தான் வச்சிருப்பன்னும் தெரிஞ்சுச்சு. மூடிக்குப் புது ரப்பர் போட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் வருது, கோவமும் வருது. "அப்ப எதுக்குக் குளவின்னு பொய் சொன்னீக? என்னை நாலு வார்த்தை திட்டிருந்தா என்ன?"

தரையப் பாத்துக்கிட்டே சொன்னாக. "முத பிள்ளைக்கு, விடியக்காலமே வலி வந்தும் சொல்லாம இருந்துட்டோம்னு நீ சுமந்துக்கிட்டே இருக்க. தூக்கத்துல நீயே சொல்லிருக்க, எத்தனையோ தடவ. இதையும் எடுத்து அது மேல வச்சுக்குவ. அதான் குளவி மேல போட்டுட்டேன்."

என் முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டேன்.

"ஒன் மேல தப்பில்ல"ன்னாக. பெறகு, "என் மேலயும் இல்லைன்னு இப்பக் கொஞ்ச நாளாத் தோணுது"ன்னாக.

அப்பத்தான் உள்ள இருந்து வந்துச்சு அந்தச் சத்தம். வீல்னு. ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுற மாதிரி. இவுக பெஞ்சு ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாக.

பொம்பளைப் பிள்ளை. ஷர்மின்னு பேரு வச்சிருக்கோம். மூணாம் நாள் வீட்டுக்குக் கூட்டியாந்தோம். மாப்ள தன் காரைப் பின்னாடி ஓட்டிக்கிட்டு வந்தாக. பிள்ளைய என் மடியில வச்சிருந்தேன். கம்பத்துல ஆரம்பிச்ச அழுகை, புதுப்பட்டியிலயும் அழுகுறா, அனுமந்தன்பட்டியிலயும் அழுகுறா. மிஸ்பா பாவம், "அத்தா, சீக்கிரம் போங்கத்தா, வீட்டுல போயி அமத்தணும்"னு கெஞ்சுறா. எங்க தெரு முக்கு வந்துச்சு. மக சொல்லிட்டாளேன்னு இவுக வேகத்தைக் கொறைச்சு, திரும்ப லைட்டுப் போட்டு, ஸ்டியரிங்கை வளைக்கப் போனாக. கண்ணாடியில என்னை ஒரு பார்வை பாத்தாக.

"திருப்பாதீக. நேரா விடுங்க"ன்னேன்.